புகார் நம்பர் இல்லாமத் தொடக்கூடாது

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்தப் பையை மடியில வெச்சுக்கணும். மேல வெச்சா டிரைவர் பிரேக் போடறப்ப யார் தலையிலயாச்சும் உழும். உள்ள மீட்டரு, ஸ்க்ரூ டிரைவரு, ஒயரு எல்லாம் கெடக்குது. கோயமுத்தூருங்களா? நான் பல்லடத்துல எறங்கிருவனுங்க.

இல்லீங், எலெக்ட்ரீசியன் இல்லீங். நான் கஸ்டமருங்க. அட, சிரிக்காதீங்க. எல்லாரும் இப்படித்தான் சிரிக்கறாங்க. ஒரு கடையில ஒரு சாமான் வாங்கினேன், அது சரியா வேலை செய்யலை, புகார் குடுத்தேன், புகாரை விடாமத் தொடர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். அவ்வளவுதான் நான். இந்தப் பையெல்லாம் இடையில வந்ததுங்க.

பேரு ஆறுச்சாமி. டெலிபோன் ஆபீஸ்ல புகார் பிரிவுல இருந்து ரிட்டயர்டு. சர்வீஸ் பூரா அதே சீட்டு. மணி அடிக்கும், எடுப்பேன், "சொல்லுங்க"ம்பேன். போன் செத்துப் போச்சும்பாங்க. நான் கேக்கற மொதக் கேள்வி, "நீங்க எதையாச்சும் தொட்டீங்களா?" தொட்டேன்னாங்கன்னா எனக்குக் கோவம் வந்துரும். புகார் குடுக்கறது உங்க வேலை, வந்து பாக்கறது எங்க வேலை. நீங்களே தொறந்து நோண்டினா அப்பறம் நாங்க எதுக்குங்க? அந்த ஒரு கொள்கையில நான் யாருக்கும் எறங்கிப் போனதில்லை. கலெக்டர் ஊட்டுல இருந்து கூப்பிட்டாலும் அதே கேள்விதான்.

ரிட்டயர்டு ஆனதும் கையி சும்மா இருக்கலைங்க. மணியும் அடிக்கறதில்லை. என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி, "எதாச்சும் ஒண்ணு பழகுங்க, இல்லாட்டி என்ற சமையக்கட்டுல வந்து குறை கண்டுபிடிப்பீங்க"ன்னா. அப்பத்தான் இந்த சி.என்.சி. மெஷின் ஆசை வந்துச்சு. பெரிய கம்பெனில இரும்பு சீவறதில்லீங், அதோட குட்டி. மேசை மேல வெச்சுக்கலாம். கம்ப்யூட்டர்ல ஒரு பேரை எழுதினா, பென்சில் மொனை மாதிரி ஒரு பிட்டு சுத்திக்கிட்டே போயி மரப்பலகையில அதே பேரைச் செதுக்கிரும். பாக்க அத்தனை அழகா இருக்கும். இடம்வலமா இழுக்க ஒரு மோட்டாரு, முன்னபின்ன இழுக்க ஒண்ணு, மேல கீழ ஒண்ணு. இதுக எல்லாத்துக்கும் உத்தரவு போடறது உள்ளங்கை அகலத்துல ஒரு போர்டு.

அந்தப் போர்டைத் திருச்சியில டென்சிங்குன்னு ஒரு பையன்கிட்ட இன்டர்நெட்டுல பாத்து வாங்கினனுங்க. பையன்னா, கல்யாணமாகிக் கொழந்தை இருக்குது. சொந்த ஊரு மார்த்தாண்டம் பக்கம், பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சுதான். சீனாவுல இருந்து வரவழைச்சு விக்கறான்.

மொத வேலையா சம்பந்திக்குப் பேர்ப்பலகை. என்ற புள்ள இந்துமதியைக் குடுத்திருக்கறது உடுமலையில. சம்பந்தி புது ஊடு கட்டியிருந்தாரு. தேக்குப் பலகை வாங்கி, "கந்தவேல் இல்லம்"னு கம்ப்யூட்டர்ல எழுதி, சூடம் காட்டி, பட்டனைத் தட்டினேன். அப்படியே வழவழன்னு வெண்ணெயில போற மாதிரி செதுக்குச்சுங்க. தூசியை ஊதிட்டுப் பாத்தா, அத்தனை எழுத்தும் இடம் வலமாத் திரும்பியிருக்குது. கண்ணாடியில பாக்கற மாதிரி.

டென்சிங்குக்குப் போன் போட்டேன். நல்ல பையன்தாங்க, எடுத்த ஒடனே, "அண்ணே, ஒண்ணுமில்லை. ஒரு மோட்டார் எதிர்ப்பக்கமா ஓடுகு. கரண்டை ஆஃப் பண்ணிட்டு, அந்த மோட்டாருக்க ஒயரைப் போர்டுல இருந்து கழட்டி, அப்படியே திருப்பிச் சொருகுங்க. சரியாயிரும்"னான்.

"யாரு சொருகறது?"

"நீங்கதாண்ணே."

"நானா?"

"பிளக்கு மாதிரிதான் இருக்கும். ஒரு நிமிஷ வேலை."

"புகார் நம்பர் சொல்லுங்க தம்பி."

"அப்படி நம்பரெல்லாம் கெடையாதேண்ணே."

"நம்பர் இல்லாத புகாரை எப்படிங்க தம்பி சரி பண்ணுவீங்க?"

"ஒயரைத் திருப்பித்தான்."

பாருங்க, அவன் சொல்றது அவனுக்கே புரியலை. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். நான் வாங்கினவன். நீ வித்தவன். சாமான் தப்பாப் போனா வித்தவன் வந்து பாக்கறதா, வாங்கினவன் கைவிட்டு நோண்டறதா? அதுக்கு அவன், "அண்ணே, நான் சீனாவுல இருந்து வாங்கி விக்கிற ஆளு. போர்டை நான் செய்யல்ல, கேட்டேளா. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுகேன், மத்தபடி சப்போர்ட்டு கெடையாதுன்னு இன்டர்நெட்டுலேயே போட்டிருக்கேனே"ன்னான். சப்போர்ட்டு கெடையாதுன்னு எழுதிப் போடறதுக்கு ஒரு தைரியம் வேணுமல்லங்க? எங்க ஆபீஸ் வாசல்ல அப்படி எழுதி வெச்சிருந்தா ஊர் என்ன சொல்லியிருக்கும்?

தெனமும் கூப்பிட்டேன். காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. கோவமெல்லாம் இல்லை, நிலவரம் கேக்கறதுதான். கடைசியில அவனே எறங்கி வந்து, "சரிண்ணே, ஒங்க புகார் நம்பர் ஒண்ணுன்னு வெச்சுக்கிடுங்க"ன்னான். எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசம்! வசந்தாவைக் கூப்பிட்டு, "நம்பர் குடுத்துட்டான்"னேன். "ஒயரைத் திருப்பினீங்களா?"ன்னா. பொம்பளைங்களுக்கு நடைமுறை புரியாதுங்க.

இதுக்குள்ள சம்பந்தி ஊட்டுப் புண்ணியார்ச்சனை, அதான் கிரகப்பிரவேசம், வந்துருச்சு. நான் என்ன பண்ண? புகார் நிலுவையில இருக்குது, பலகை அப்படியே இருக்குது. வெறுங்கையோட போக முடியுமா? அந்தப் பலகையையே ஜரிகைத்தாள் சுத்திக் கொண்டுபோயி, ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கறப்ப சம்பந்தி கையில குடுத்தேன். பிரிச்சுப் பாத்தாரு. பக்கத்துல ஒரு பெரியவர், "தெலுங்குங்களா?"ன்னாரு. நான் வெவரமாச் சொன்னேன்: இது தமிழுதான், புகார் குடுத்தாச்சு, நம்பரும் வாங்கியாச்சு, அதுவரைக்கும் எதிர்ச் செவுத்துல ஒரு கண்ணாடியை மாட்டிட்டீங்கன்னா அதுல பேரு நேராத் தெரியும். கண்ணாடி கூடக் கையோட வாங்கிட்டுத்தான் போயிருந்தனுங்க.

சம்பந்தி பலகையை மறுபடியும் தாள்ல சுத்தி வெச்சுட்டாரு. சம்பந்தியம்மா உள்ள போயி, மங்களகரமான நாள்ல பேரைத் திருப்பி எழுதிட்டு வந்துட்டாரேன்னு கண்ணுல தண்ணி விட்டாங்களாம். என்ற புள்ள அன்னைக்குச் சாயங்காலம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அப்பா, ஒரே ஒரு ஒயரு. அதைத் திருப்பிட்டு வந்திருக்கக் கூடாதா?"ன்னா. பெத்த மக, கடைக்காரனுக்குப் பரிஞ்சு பேசறா பாருங்க. அதுக்கப்பறம் ஊட்டுப் பக்கம் வரவேயில்லை. வசந்தாகிட்ட மட்டும் போன்ல பேசிக்குவா.

அப்பத்தான் நேர்லயே போயிப் பாத்துரலாம்னு திருச்சிக்குக் கெளம்பினேன். பெரிய கடைவீதி தாண்டி ஒரு சந்து. மளிகைக் கடைக்கு மேல ஒரே ரூமு. மேல ஏறிப் போனா, அட்டைப் பொட்டிகளுக்கு நடுவுல டென்சிங்கு தலையில கைவெச்சு உக்காந்திருக்கறான். மேசை மேல போன் அடிச்சுக்கிட்டே இருக்குது. எடுக்க மாட்டேங்கறான்.

"நான்தான் புகார் நம்பர் ஒண்ணு"ன்னேன்.

அவன் என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அதைச் சொல்லத் தெரியலைங்க எனக்கு. ஆனா மரியாதையா ஒரு ஸ்டூலைப் போட்டான். "போர்டைக் கொண்டு வந்திருக்கேளா? குடுங்க, நானே மாத்தித் தாரேன்"னான். போர்டை நான் எதுக்குங்க கழட்டறேன்? கழட்டினா தொட்ட மாதிரிதான? அது பல்லடத்துல இருக்குது, நீதான் வரணும்னேன். இவன் ஒருத்தன்தான் கடையில. கடையை மூடிட்டு வர முடியாதுங்கறான். சரி, வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கறேன்னு உக்காந்துட்டேன்.

போன் அடிச்சுக்கிட்டே இருக்குதுங்க. ஒரு மனுசன் எத்தனை நேரம் பொறுப்பான்? என்ற கை தானாப் போயிருச்சு. "வணக்கம், சொல்லுங்க."

திண்டுக்கல்லுல ஒரு கான்வென்டு. சிஸ்டர் ஒருத்தங்க பேசறாங்க. புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க மெஷின் வாங்கியிருக்காங்க, கம்ப்யூட்டர்ல சேத்தா போர்டே காட்ட மாட்டேங்குதுங்கறாங்க. "எதையாச்சும் தொட்டீங்களா சிஸ்டர்?" "இல்லை." எனக்கு மனசு குளுந்துருச்சு. எத்தனை வருசத்துக்கு அப்பறம் அப்படி ஒரு கஸ்டமர்! டென்சிங்கைத் திரும்பிப் பாத்தேன். "அவங்க போன் சார்ஜ் போடுக ஒயரைச் சொருகியிருப்பாங்க. அதுல கரண்டு மட்டும்தான் போகும், தகவல் போகாது. வேற ஒயர் போடச் சொல்லுங்க"ன்னான். அதை அப்படியே நான் சொல்ல, மாத்தினாங்க, வந்துருச்சு. "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக"ன்னாங்க. நம்பர் குடுத்தேன் அவங்களுக்கு. ரெண்டு.

அப்பறம் அடுத்தது. அதுக்கு அடுத்தது. பெரும்பாலும் என்ன குறைன்னு நெனைக்கறீங்க? மோட்டார் திரும்பி ஓடறதுதானுங்க. பாதிப் பேருக்கு அதான். "கரண்டை ஆஃப் பண்ணுங்க. ஒயரைக் கழட்டுங்க. திருப்பிச் சொருகுங்க"ன்னு நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம், "ஆயிருச்சு சார், ஆயிருச்சு!"ன்னு கத்துவாங்க. இருங்க இருங்க, ஏன் நான் மட்டும் திருப்பிச் சொருகலைன்னுதான கேக்க வர்றீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. அவங்களுக்கு நான் இருக்கறேன். நம்பர் போட்டு, முறையா, நான் சொல்லித்தான் தொடறாங்க. எனக்கு யாருங்க இருக்கா?

பொழுது சாஞ்சு கெளம்பறப்ப டென்சிங்கு, "நாளைக்கும் வருவேளா அண்ணே?"ன்னான். புகார் முடியற வரைக்கும் வருவேன்னேன். கொஞ்சம் மெரட்டலாத்தான் சொன்னேன். அவன் மொகம் பளிச்சுன்னு ஆயிருச்சு. ஏன்னு தெரியலை.

தெனமும் பல்லடத்துக்கும் திருச்சிக்கும் அலைய முடியுங்களா? அவனே கடைக்குப் பக்கத்துல ஒரு ரூமு பாத்துக் குடுத்தான். அவன் சம்சாரம் ஷீபா மத்தியானம் எனக்கும் சேத்துச் சோறு குடுத்து உடும். மீன் கொழம்பு. நமக்கு அத்தனை பழக்கமில்லை, ஆனா நல்லா இருக்கும். கடைசியில கடை போன்ல இருந்த சிம்மை எடுத்து என்ற செல்லுலயே ரெண்டாவதாப் போட்டு உட்டான். இன்டர்நெட்டுல போர்டு விக்கற எடத்துல சப்போர்ட்டுன்னு அந்தக் கடை நம்பர்தான் இப்பப் போட்டிருக்குது. அவனுக்குச் சப்போர்ட்டுன்னா என்னன்னு நான் செஞ்சு காட்டிக்கிட்டிருக்கேன். பாத்துப் பாத்துத்தான் கத்துக்கணும்.

ஆனா ஒண்ணுங்க. இதுல எனக்கு மட்டும் அநியாயம் நடக்குது. மத்தவங்க எப்பக் கூப்பிட்டாலும் அந்த நம்பர் கெடைக்குது. நான் என்ற புகாரு என்ன ஆச்சுன்னு கேக்கலாம்னு அடிச்சா, எப்ப அடிச்சாலும் லைன் பிஸி. காலையில அடிச்சாலும் பிஸி, சாயங்காலம் அடிச்சாலும் பிஸி. மொதல்ல வாங்கின கஸ்டமருக்கு இதுதான் மரியாதையான்னு டென்சிங்குகிட்டக் கேட்டேன்.  "அண்ணே, அது ஒங்க போனுதான்"னான். என்ற போனு நல்லாத்தானுங்க இருக்குது!

போன்ல தீராதது நேர்ல போகணும். கும்பகோணத்துல ஒரு நகைக் கடைக்காரர். மெஷின் பாதியில நின்னு நின்னு போகுது. போயிப் பாத்தா, ஊட்டு ஃப்ரிட்ஜு ஓட ஆரம்பிக்கறப்பெல்லாம் இது நிக்குது. எர்த்து சரியில்லை. காரைக்குடியில ஒருத்தர், "நான் மனசுல நெனைச்சதைச் செதுக்கலை, வரைஞ்சதைத்தான் செதுக்குது"ன்னு சண்டைக்கு வந்தாரு. அவருக்குப் பக்கத்துல உக்காந்து நாந்தான் வரைஞ்சு குடுத்தேன். புதுக்கோட்டையில ஒரு பல் டாக்டருக்கு மெஷினே நல்லாத்தான் இருந்துச்சு, அவருக்குப் பேச ஆள் வேணும். அதுவும் சப்போர்ட்டுதானுங்க. எல்லாம் நம்ம கொள்கைக்காகப் பண்றது.

இடையில ஒருக்கா ஊட்டுக்குப் போனேன். துணிமணி எடுக்கறதுக்கு. போயிக் கதவைத் தொறந்தா, என்ற மெஷின் ஓடுது! மேல "வசந்தாமணி"ன்னு ஒரு பலகை. நேரா! இடம்வலம் சரியா! ஓரத்துல ஒரு ரோசாப்பூ வேற.

"யாரு வந்து பாத்தது?"ன்னேன்.

"நாந்தான் திருப்பிச் சொருகினேன். ஊருக்கெல்லாம் சொன்னதை ராத்திரி போன்ல என்கிட்டயும் சொல்றீங்களே, கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. கரண்டை ஆஃப் பண்ணிட்டுத்தான் தொட்டேன்"னு சிரிக்கறா.

எனக்குத் தலை சுத்திருச்சுங்க. நம்பர் ஒண்ணு இன்னும் நிலுவையில இருக்குது. ஆளு வரலை. இவ தொட்டுட்டா! நாளைக்கு டென்சிங்கு வந்து பாத்து, "எல்லாம் சரியாத்தானே இருக்குது, பொய்ப் புகாரு குடுத்தீங்களா?"ன்னு கேட்டா என்ற மொகத்தை எங்க கொண்டுபோயி வெப்பேன்? கரண்டை ஆஃப் பண்ணி, ஒயரைக் கழட்டி, பழையபடி திருப்பிச் சொருகிட்டேன். புகார் குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணுமல்லங்க. கொஞ்சம் சத்தமும் போட்டுட்டேன். அவ அந்த ரோசாப்பூப் பலகையைத் தொடைச்சு, பீரோவுக்குள்ள வெச்சுட்டுப் போயிட்டா. நானும் துணியை எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்பறம் அவ என்னைக் கூப்பிடறதைக் கொறைச்சுட்டா. நானும் வேலையில இருந்துட்டேன். சொந்த நம்பருக்கு வந்தாலும் எடுக்க முடியாது, இன்னொண்ணுல கஸ்டமர் காத்துக்கிட்டிருப்பாங்க.

இந்த வாரம் கடையில உக்காந்திருக்கேன். சப்போர்ட்டு நம்பர்ல மணி. "வணக்கம், சொல்லுங்க."

"பல்லடத்துல இருந்து வசந்தாமணி பேசறனுங்க."

"வசந்தா! இதுல எதுக்குக் கூப்பிடற?"

"அந்த நம்பர்ல கூப்பிட்டா எடுக்கறதில்லைங்க. இதுல கூப்பிட்டா ஒடனே எடுப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு புகாரு இருக்குது. எழுதிக்கறீங்களா?"

நமக்குத் தெரிஞ்சவங்கன்னு சலுகை காட்டக் கூடாது, தெரிஞ்சவங்கன்னு தட்டிவிடவும் கூடாது. நிமிந்து உக்காந்துட்டேன். "சொல்லுங்கம்மா."

"எங்க ஊட்டுல ஒண்ணு இருக்குதுங்க. எல்லாத்தையும் எதிராவே செய்யுது. ரொம்ப நாளா. வெளியூர்ல எல்லாம் நெம்ப நல்லா வேலை செய்யுதாம், எல்லாரும் பாராட்டறாங்க. ஊட்டுல மட்டும் செய்யறதில்லை."

"வெளியூருக்கு எடுத்துட்டுப் போனீங்களாம்மா?"

"இல்லைங்க, அதுவாப் போகுது."

அதுவாப் போக முடியாதும்மா, சக்கரமில்லைன்னு சொன்னேன். கஸ்டமரை மறுத்துப் பேசக் கூடாது, இருந்தாலும் சொன்னேன். "நீங்க எதையாச்சும் தொட்டீங்களா?"

"ஒருக்கா சரி பண்ணிப் பாத்தேன். சத்தம் போட்டுச்சு. அப்பறம் தொடறதில்லைங்க."

மோட்டார் சத்தமா, பேரிங்கு சத்தமான்னு கேட்டேன். அந்தப் பக்கம் என்னமோ சத்தம் கேட்டுச்சு. அழுகறாளோன்னு நெனைச்சேன், சிரிக்கற மாதிரியும் இருந்துச்சு. லைன் தெளிவில்லைங்க. அப்பறம், "எங்க புள்ள இந்துமதிக்கு வளைகாப்புங்க. ஊட்டுலதான் வெக்கறோம். சம்பந்தி ஊட்டுல எல்லாரும் வர்றாங்க. அவ ஆறு மாசத்துக்கு மேல இந்தப் பக்கம் வரலை. அதுக்குள்ள சரியாகணும்"னா.

"விசேசம், அவசரம்"னு குறிச்சுக்கிட்டேன்.

"ஆளு வந்தா நாலு நாளாச்சும் தங்கிப் பாக்கணுங்க."

"ஆளு தங்கற வழக்கமில்லைம்மா."

"தங்கினாத்தான் சரியாகும். எனக்குத் தெரியும்."

நம்பர் குடுத்தேன். வாங்கிக்கிட்டு, "நன்றிங்க"ன்னு வெச்சுட்டா.

அவ வெச்சதுக்கு அப்பறந்தான் எனக்கு ஒறைச்சுதுங்க. இதை ஏன் நான் மொதல்லயே யோசிக்கலை? என்ற புகாருக்கு நானே போயிப் பாக்கறதுக்கு வழியில்லை. ஆனா வசந்தாமணின்னு ஒரு கஸ்டமர், முறையாக் கூப்பிட்டு, இப்ப எதையும் தொடாம, நம்பர் வாங்கியிருக்காங்க. அதுக்கு ஆள் போயித்தான் ஆகணும்! டென்சிங்குகிட்டச் சொன்னேன். அவன் எந்திரிச்சு வந்து என்ற கையைப் புடிச்சுக்கிட்டான். "அண்ணே, இந்தப் புகாருக்கு ஒங்களை விட்டா வேற ஆளு கெடையாது. நாலு நாளுன்னு கணக்கு வெக்காதிய. அவங்க போகச் சொல்லுக வரைக்கும் இருந்து பாருங்க"ன்னான். ஷீபா வளைகாப்புக்குன்னு ஒரு டப்பா நெறைய முந்திரிக்கொத்து செஞ்சு குடுத்துச்சு. பாருங்க, இந்தப் பையிலதான். ஒண்ணு எடுத்துக்குங்க.

என்ற புகார் நம்பர் ஒண்ணா? அது அப்படியேதாங்க நிலுவையில இருக்குது. அதை நான் விடப் போறதில்லை. இது வேற நம்பரு, இது வேற கஸ்டமரு.

ஒரு நிமிசங்க, போன் அடிக்குது. வணக்கம், சொல்லுங்க... ஆமாம்மா, பஸ்லதான் வந்துக்கிட்டிருக்கேன். வெள்ளகோயில் தாண்டியாச்சு... சாப்பாடெல்லாம் வேண்டாம்மா, போற எடத்துல சாப்பிடற பழக்கமில்லை... என்னது? அரிசிம்பருப்புச் சோறா? நெய் ஊத்தியா?... சரி, ஒரு வாய்... வந்துட்டாங்களா? இந்து வந்துட்டாளா? எப்ப வந்தா?... இல்லைம்மா, ஒண்ணுமில்லை, பஸ்ல காத்து, அதான் குரல் அப்படி இருக்குது... அவளை எதையும் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க. கேட்டைத் தொறந்து வைங்க. நாய் இருந்தாக் கட்டிப் போடுங்க.

வெச்சுட்டாங்க. எங்க ஊட்டுல நாய் இல்லைங்க, ஆனா போற எடத்துல எல்லாம் கேக்கறதுதான்.

சிரிச்சுக்கிட்டே வெச்சாங்க. எதுக்குன்னு தெரியலை. கஸ்டமர் சிரிச்சா நல்லதுதானுங்க.